ஏஞ்சல் மீனின் வயிற்றில் ஒரு சிவப்பு

மீன் தொட்டியைப் படம் எடுப்பதில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன். இரண்டு ரோல் பிலிமைப் பாழாக்கிக் கற்றதைப் பெருமையாகத்தானே சொல்ல வேண்டும்?

தொண்ணூறுகளின் கடைசியில் ஈஜிபுராவில் ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தோம். எனக்குப் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. லேத்திலிருந்து வரும் உருப்படிகளில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் கரு ஐந்தாம் மாதத்தில் கலைந்ததும் என் மனைவி நாள் முழுக்கச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்ப்பதற்கு வேறு ஏதாவது இருக்கட்டும் என்று ஒரு தொட்டியும் வெள்ளை ஏஞ்சல் மீன் ஒன்றும் வாங்கி வந்தேன். ஒரே மாதத்தில் மீன் செத்துப்போனது. அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அதேபோல இன்னொன்றை வாங்கித் தொட்டியில் விட்டு, ஒன்றும் தெரியாதவன்போல் உட்கார்ந்திருந்தேன்.

பையைக் கீழே வைக்கும் முன்பே கண்டுபிடித்துவிட்டாள். "இதுக்கு மேல் துடுப்புல ஒரு வெட்டு இருக்கு. இது வேற மீன்" என்றாள். அன்றோடு என் வாய்ச்சொல்லுக்கு வீட்டில் மதிப்பு போயிற்று. ஆனால் வெட்டுத் துடுப்புக்காரியை அவள் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

மறு வருஷம் மறுபடி உண்டானாள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து ஆம்பூருக்கு அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது சொன்னாள்: "மீன் நல்லா இருக்குன்னு லெட்டர்ல எழுதாதீங்க. போட்டோ எடுத்து அனுப்புங்க, நான் பாத்துக்கறேன்."

மீன் இருந்தால் வயிற்றில் இருப்பதும் இருக்கும் என்று அவள் மனசுக்குள் முடிச்சுப் போட்டிருந்தாள். சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். எனக்கும் உள்ளூர அதே பயம்தான்.

நண்பர் ஒருவரிடம் கேமராவை இரவல் வாங்கி, பிளாஷ் போட்டு முப்பத்தாறு படம் எடுத்தேன். கழுவி வாங்கப் போனபோது ஸ்டூடியோக்காரர், "மீன் எங்க சார்? பூரா நீங்கதான் லுங்கியோட நிக்கறீங்க" என்றார். கண்ணாடியில் பிளாஷ் வெளிச்சமும் நானும்தான் விழுந்திருந்தோம்.

கீறல் பார்க்கும்போது விளக்கை எதிரே பிடிக்க மாட்டோம், சாய்த்துத்தான் பிடிப்போம். தொழிலில் தெரிந்த இந்த விஷயம் வீட்டில் தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டாவது ரோலுக்கு பிளாஷை அணைத்தேன். ஜன்னலை மூடி, தொட்டிக்கு மேலே மட்டும் ட்யூப்லைட் கட்டி, கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டேன். குறைந்த வெளிச்சத்துக்கான பிலிம் போட்டு, ஒரே மூலையில் தீனி தூவிக் காத்திருந்தேன். மீன் வந்து நின்றது. அதில் நல்லதாக ஒரு படத்தைத் தபாலில் அனுப்பிவிட்டு, பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

கீழ்வீட்டு போனில் அவள் கூப்பிட்டாள். "வயித்துல ரத்தம் கட்டியிருக்கு. ஏங்க என்கிட்ட மறைக்கறீங்க?" என்றாள். சத்தியம் செய்தேன். பழைய மீன் விஷயம் நடுவில் நின்றது. அழுதுகொண்டே போனை வைத்துவிட்டாள்.

மேலே ஓடிவந்து இன்னொரு பிரதியைப் பார்த்தேன். வெள்ளை வயிற்றில் கலங்கலாக ஒரு சிவப்பு. அது நான் ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு! பீன்யாவில் லேத்திலிருந்து அளவுகோல் வரை சந்தனம், குங்குமம் வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஸ்கூட்டர், மிக்ஸி எல்லாவற்றுக்கும் வைத்தேன். தொட்டிக்கும் காற்று விடும் மோட்டார் உண்டே என்று முன்கண்ணாடியின் நட்டநடுவில் ஒன்று. வருஷமெல்லாம் பொட்டு வைத்த இயந்திரங்களோடு இருப்பவன் கண்ணுக்குப் பொட்டு தனியாகத் தெரியவே இல்லை. கீறல் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான்!

போனில் சொன்னால் நம்ப மாட்டாள். பொட்டை அழித்து, கண்ணாடியைத் துடைத்து, மூன்றாவது ரோலை எடுத்தேன். துடுப்பு வெட்டு முதல் செதில் வரை எண்ணலாம், அப்படி வந்தது. லீவு போட்டுவிட்டுக் காலை ரயிலில் நானே ஆம்பூருக்குக் கொண்டுபோனேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தாள். முதலில் துடுப்பை, பிறகு வயிற்றை. கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தும் பார்த்தாள். பொட்டுக் கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"அப்ப அத அழிச்சுட்டா எடுத்தீங்க?"

"அழிக்காட்டி படம் எப்படி வரும்?"

"போனதும் மொதல்ல பொட்ட வெய்ங்க. போட்டோவுல விழாத மாதிரி ஓரமா வெய்ங்க. வாரத்துக்கு ஒரு போட்டோ எனக்கு வேணும்."

ஓரமாக வைத்தேன். வாரம் தவறாமல் படம் போயிற்று, மொத்தம் பத்து. பதினொன்றாவது படத்தில் மீன் இல்லை. ஆம்பூர் ஆஸ்பத்திரியில் ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், என் மகளை எடுத்தேன். அவள் கன்னத்தில் என் மனைவி மைப்பொட்டு வைத்திருந்தாள், ஓரமாக.