சாலையை விட்டு விலகிய வண்டி

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தப் பட்டறையில் அவரை எல்லோரும் 'பிராணி' என்றுதான் கூப்பிட்டார்கள். சந்தேகப்பிராணி என்பதன் சுருக்கம். இருபத்திரண்டு வருட மெக்கானிக். லிஃப்டைத் தாங்கும் இரும்புக் கயிற்றின்மேல் பழைய துணியைச் சுற்றி மெல்ல இழுத்துக்கொண்டே போவார். துணி எங்கே மாட்டிக் கிழிகிறதோ, அங்கே ஒரு கம்பி அறுந்திருக்கிறது என்று அர்த்தம். இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட கயிறானாலும் தன் துணியால் ஒருமுறை இழுக்காமல் விடமாட்டார்.

"பாக்கெட்டுல தேதி போட்டிருந்தாலும் பாலை மோந்து பாத்துட்டுத்தான் ஊத்துவாரு. என்னை மட்டும் எப்படி செக் பண்ணாம கட்டிக்கிட்டாருன்னு தெரியல" என்பார் அவர் மனைவி.

இந்தக் குணத்தில் ஒரு குற்றமும் இல்லை. அவர் சந்தேகப்பட்டதால்தான் பல பேர் பத்தாவது மாடியிலிருந்து முழுசாகக் கீழே வந்து சேர்ந்தார்கள். கயிறு என்றால் சோதித்த பிறகே வாயைத் திறப்பவர், மனிதர் என்று வந்தபோது முதலில் வாயைத் திறந்தார். கோளாறு அங்கேதான்.

மதிய இடைவேளையில் பட்டறை மூலையிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் ஒரு போர் விளையாட்டு நடக்கும். இரண்டு பேர், ஒரே திரை. ஒருவர் தன் படைகளை நகர்த்தி முடித்த பிறகே மற்றவருக்கு முறை வரும். எதிரியின் ஆட்கள் பக்கத்தில் வந்தால்தான் கண்ணுக்குத் தெரிவார்கள். மற்ற இடமெல்லாம் மூடுபனி. அதனால் பட்டறைக்கென்று ஒரு சட்டம் இருந்தது. ஒருவர் ஆடும்போது மற்றவர் கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியில், கருவி அலமாரியைப் பார்த்தபடி முதுகைக் காட்டி உட்கார வேண்டும்.

அந்த விளையாட்டில் 'தானே போ' என்றொரு பொத்தான் உண்டு. போய்ச் சேரவேண்டிய இடத்தைக் காட்டிவிட்டால் போதும். படையோ வண்டியோ தானே வழி பார்த்து, முறைக்கு முறை நடந்து போகும். பிராணி அதை ஒரே ஒருநாள் நம்பினார். தானிய வண்டியைக் கோட்டைக்குப் போகச் சொன்னார். கண்ணுக்கெதிரே நேரான சாலை காலியாகக் கிடக்க, வண்டி அதைவிட்டு இறங்கிச் சேற்று நிலத்துக்குள் புகுந்தது. நாலு முறையில் முடியவேண்டிய பயணம் பதினொரு முறை ஆனது. அதற்குள் கோட்டை பட்டினியில் விழுந்தது.

"ரோடு இருக்குடா கழுதை, ரோடு!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார். "கண்ணு தெரியாதவன் எழுதின புரோகிராமு!"

"கம்ப்யூட்டரைத் திட்டி என்ன பண்ண? அதுக்குக் காது இல்லையே" என்றார் ஸ்டோர்காரர், சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக்கொண்டே.

அன்றோடு சரி. அதற்குப் பிறகு ஒவ்வொரு சிப்பாயையும் ஒவ்வொரு கட்டமாகக் கையாலேயே நகர்த்தினார்.

அன்று எதிரே ஆடியவர் பட்டறைக்குப் புதிதாக வந்திருந்த எலெக்ட்ரீஷியன். அங்கே வேலை செய்த ஒரே பெண். இடுப்பில் எப்போதும் சோதனை மீட்டர் தொங்கியதால் 'மீட்டர்' என்றே பெயராகிவிட்டது. அவர் ஒரு கையால் சாப்பிட்டபடி மறு கையால் ஆடுவார். ஆகவே எல்லாவற்றுக்கும் 'தானே போ'தான். அப்படி ஆடியே எட்டு மாதமாகப் பிராணியைத் தொடர்ந்து தோற்கடித்தார்.

தோற்பதுகூடப் பிராணிக்குப் பெரிதில்லை. தோற்ற விதம்தான் உறுத்தியது. காட்டுக்குள் ஈட்டிக்காரர்களை ஒளித்து வைப்பார். மீட்டரின் வண்டிகள் அந்தக் காட்டை மட்டும் சுற்றிக்கொண்டு போகும். மலையிடுக்கில் ஒளித்தால் மலையிடுக்கை விட்டு விலகும். ஒருநாள், இருநாள் என்றால் அதிர்ஷ்டம் எனலாம். எல்லா நாளுமா?

கருவி அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு. அதில் திரை தெரிகிறதோ? பிராணி மறுநாளே செய்தித்தாளை ஒட்டிக் கண்ணாடியை மறைத்தார். அப்போதும் வண்டிகள் விலகின. ஸ்டோர்காரர் இருமினால் அது சைகையோ என்று தோன்றியது. அவரை வெளியே அனுப்பினார். அப்போதும் விலகின. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பத்துப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில் எழுந்து நின்றார்.

"ஏம்மா, நேராவே கேக்குறேன். என் திரையை எப்படிப் பாக்குற?"

மீட்டரின் கை சோற்றிலேயே நின்றது. "என்னண்ணே சொல்றீங்க?"

"ஒளிச்சு வெச்ச ஆளைத் தெரிஞ்சு சுத்திப் போற. பாக்காம எப்படி முடியும்?"

"நான் எங்க போனேன்? வண்டியில்ல போச்சு!" பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உங்க தானிய வண்டி சேத்துல எறங்குச்சே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு அந்த ரோட்டோரம் நான் வில்லாளிங்களை ஒளிச்சு வெச்சிருந்தேன். இவருக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு எனக்குந்தான் தோணுச்சு. ஆனா உங்களை நிக்க வெச்சுக் கேக்கல."

யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. சிரிப்பு அதற்குள் தொடங்கிவிட்டது. மாலைக்குள் செய்தி ஃபோர்மேனிடம் போனது. பாதுகாப்புச் சான்றில் கையெழுத்துப் போடத் தகுதியானவர்களின் பட்டியலில் மீட்டரின் பெயர் அடுத்த வாரம் சேர இருந்தது. ஃபோர்மேன் அதன்மேல் ஒரு கோடு கிழித்தார்.

"விளையாட்டுலயே ஏமாத்துறவங்க சரின்னு சொன்னா, எவன் நம்பி லிஃப்டுல ஏறுவான்?"

கோடு கிழிக்க அவருக்கு ஆதாரம் தேவைப்படவில்லை. எட்டு மாதமாக மீட்டர் சோதித்த ஒரு மோட்டார்கூட நின்றதில்லை என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஒரு பெண் திருட்டுத்தனமாக ஜெயித்தார் என்றால் போதும், இத்தனை பேருக்கும் உடனே புரிந்துவிடுகிறது. ஒழுங்காக ஜெயித்தார் என்பதற்குத்தான் சாட்சி தேடுகிறார்கள்.

இவ்வளவு தூரம் போகும் என்று பிராணி நினைக்கவில்லை. வீட்டில் மனைவியிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

"அந்தப் பொண்ணு சொன்னதை யோசிச்சீங்களா? நீங்க அவ திரையைப் பாத்தீங்களா?" என்று கேட்டார் மனைவி.

"நான் எதுக்குப் பாக்குறேன்?"

"அப்போ உங்க வண்டி ஏன் வெலகுச்சு?"

சனிக்கிழமை மதியத்தோடு பட்டறை மூடும். எல்லோரும் போன பிறகு பிராணி தனியாகக் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தார். இரண்டு பக்கத்துக்கும் தானே ஆடினார். ஒரு பக்கத்தில் இருந்துகொண்டு சாலையோரக் காட்டில் ஈட்டிக்காரர்களை ஒளித்தார். மறுபக்கம் போய், வண்டிக்குத் 'தானே போ' கொடுத்தார். திரையில் வெறும் மூடுபனிதான். ஆனாலும் வண்டி சாலையை விட்டு இறங்கிச் சேற்றில் நடந்தது. ஈட்டிக்காரர்களை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினார். வண்டி சாலையிலேயே போனது. வைத்தார், விலகியது. எடுத்தார், நேராகப் போனது. கயிற்றில் துணியை இழுப்பதுபோல் இருபது தடவை செய்து, ஒவ்வொன்றையும் எழுதி வைத்தார்.

ஆடுபவருக்கு மூடுபனி. வழி தேடும் பொத்தானுக்கு அது இல்லை. ஒளிந்திருப்பவர்களைத் தெரிந்துகொண்டே அது சுற்றிப் போயிருக்கிறது. பொத்தானைத் தொடாத காரணத்தாலேயே இது எட்டு மாதமாக அவருக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை தாளோடு ஃபோர்மேன் முன் நின்றார்.

"ஆக, கம்ப்யூட்டர்தான் திருட்டுப்பயன்னு சொல்றியா பிராணி?"

"அதை எழுதினவங்க செஞ்ச தப்பு சார். அதைவிடப் பெரிய தப்பு நான் செஞ்சது. அந்தப் பேரைத் திரும்ப எழுதுங்க."

ஃபோர்மேன் உடனே எழுதவில்லை. செய்து காட்டச் சொன்னார். காட்டினார். இன்னொரு தடவை என்றார். மூன்றாவது தடவை தானே சுட்டியைப் பிடித்துச் செய்து பார்த்த பிறகுதான் பேனாவை எடுத்தார். அழிக்க அரை நிமிடம், எழுத முக்கால் மணி நேரம்.

மதியம், அதே பத்துப் பேர் முன்னால், பிராணி எழுந்து நின்று சொன்னார். "தப்பு என்னுதும்மா. மன்னிச்சிரு."

"எத்தனை தடவை செஞ்சு பாத்தீங்க?" என்றார் மீட்டர்.

"இருபது."

"வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி?"

பிராணி இல்லை என்று தலையசைத்தார். மீட்டர் சாப்பாட்டு டப்பாவை ஓரமாக வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரின் முன் போய் உட்கார்ந்தார். "வாங்க, ஆடலாம். இன்னைக்கு எல்லாம் கையாலதான்."

ஒவ்வொரு வண்டியையும் கட்டம் கட்டமாக நகர்த்தினார். மூன்றாவது முறையில் அவருடைய வண்டிகள் வரிசையாக அதே காட்டுக்குள் போய்ப் பிராணியின் ஈட்டிக்காரர்களிடம் மாட்டின. பட்டறையே கூச்சலிட்டது.

"பாத்தியா, இன்னைக்குப் பிராணி ஜெயிச்சுருவாரு!" என்று ஸ்டோர்காரர் தட்டைத் தட்டினார்.

பிராணிக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு மாதமாக அவர் ஆட்களை ஒளிப்பது பெரும்பாலும் அந்தக் காட்டில்தான். பட்டறையில் அது தெரியாதவர் இல்லை.

"ஏம்மா, வேணும்னே வந்து மாட்டுனியா?"

"செக் பண்ணிப் பாருங்கண்ணே" என்றார் மீட்டர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்ப என் முறை. திரும்பி உக்காருங்க."

பிராணி பெட்டியில் போய் உட்கார்ந்தார். அலமாரியில் ஒட்டிய செய்தித்தாள் அப்படியே இருந்தது. நகத்தால் ஓரத்தைப் பிய்த்து, முழுதாக உரித்தெடுத்தார். கண்ணாடியில் திரை தெரிகிறதா என்று இப்படிச் சாய்ந்தும் அப்படிச் சாய்ந்தும் பார்த்தார். டியூப் லைட்டும் அவர் முகமும்தான் தெரிந்தன. தாளை ஒட்டுவதற்கு முன்பு இதை அவர் ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லை.