நூறு பங்குக்கு ஒரு அட்வான்ஸ்

டிப்ளமா முடித்து விழுப்புரம் துணைமின் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு ரசாயனக் கம்பெனியின் பங்குகள் நூறு வாங்கி வைத்திருந்தேன். சென்னைக்குப் போய் பொறியியல் படிக்க அதுதான் என் ஒரே சேமிப்பு. அந்தக் கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி தன்னோடு இணைத்துக்கொள்ளப் போவதாகப் பேச்சு கிளம்பியதும், அசையாமல் கிடந்த விலை ஒரு வாரம் முப்பது, மறுவாரம் நாற்பத்தைந்து என்று குதித்தது.

அம்மாவின் தம்பி திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டி வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார்.

"அடுத்த பொங்கலுக்குள்ள நான் கேட்டா, உன் நூறு பங்கையும் ஒண்ணு நாப்பது ரூபான்னு எனக்கே குடுத்துடணும். கேக்கலன்னா அட்வான்ஸ் உனுக்கு. மண்டியில நாங்க பண்றதுதான். நூறு ரூபா புடி."

"நானூறு வேணும் மாமா."

"இன்னாடி இது, மல்லாட்டைக்குக் கூட அவ்ளோ குடுத்ததில்ல!"

விரல் விட்டுச் சொன்னேன். ஒன்று, விலை விழுந்தால் அவருக்கு நஷ்டம் அட்வான்ஸ் மட்டும். இரண்டு, ஏறினால் ஏறியதெல்லாம் அவருக்கு. மூன்று, இணைப்புப் பேச்சு இருக்கும்வரை விலை இரண்டு பக்கமும் குதிக்கும்; குதிக்கக் குதிக்க அவருடைய உரிமைக்கு மதிப்பு கூடும். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். விலை சரிந்தாலும் அந்த நானூறு என் கையில் நிற்கும் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

வருடக் கடைசியில் இணைப்பு நடந்தது. பழைய பங்கு ஐந்துக்குப் புதியது இரண்டு. என் நூறு நாற்பதாகிவிட்டது. புதிய பங்கு நூற்றிருபது ரூபாய். பெரிய கம்பெனியின் நிதானம் வந்து, விலையின் துள்ளலும் அடங்கிவிட்டது. மாமா பணத்தோடு வந்தார்.

"நூறு பங்குன்னுதானே பேச்சு? நூறு குடு, நாலாயிரம் வாங்கிக்க."

மீதி அறுபதை நான் வாங்கிக் கொடுப்பதென்றால் படிப்பு அன்றோடு சரி. ஆனால் எனக்குப் பதற்றமில்லை.

"மாமா, நூறு மூட்டை மல்லாட்டை பேசிட்டு, அதையே உடைச்சுப் பருப்பாக் குடுத்தா, நூறு மூட்டை பருப்பு கேப்பீங்களா?"

"அதெப்படி? எத்தினி பருப்பு வுழுதோ அத்தினிதான்."

"இதுவும் அதாங்க. நூறை உடைச்சாங்க, நாப்பது வுழுந்துச்சி. மொத்தப் பணம் அதே நாலாயிரம்."

விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தார். "அப்பயும் எனுக்கு லாபந்தானா?"

"நாப்பது பங்கு இன்னிக்கு நாலாயிரத்து எண்ணூறு. அட்வான்ஸ் போக நானூறு நிக்கும்."

"பேஜாரு புடிச்ச பொண்ணை பெத்து வெச்சிக்கினு கீற," என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். நாலாயிரத்தை வாங்கிக்கொண்டு பங்கு மாற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். அந்த வாரமே கல்லூரியில் பணம் கட்டினேன்.