கடிகாரத்தில் இல்லாத 2:40

சத்தியமாக எனக்கு நடந்தது. ஊரடங்கிய வேளை அல்ல. சியோலில், பட்டப்பகலில், இருபது பேர் கிம்பாப் தின்றுகொண்டிருந்த அலுவலகத்தில்.

மூடிப்போன ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் பழைய அட்டைகளைக் கணினியில் ஏற்றும் வேலை. தேதி, நேரம், நாடு மூன்றையும் கொடுத்தால் ஜாவா என்ற கணினி மொழி அந்த நேரத்தை ஒரு பொட்டலமாக, ஆப்ஜெக்டாக, செய்து தரும். செய்தது செய்ததுதான். அதற்குள் இருக்கும் நேரத்தை அப்புறம் யாராலும் மாற்ற முடியாது.

மதியம் 12:20. ஓர் அட்டை மட்டும் இடித்தது. 1987 மே 10, அதிகாலை 2:40 என்று கொடுத்தேன். 3:40 என்று வந்தது.

டீம் லீடர் தாக் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"அன்னிக்கு ரெண்டு மணிக்கு நாடு பூரா கடிகாரத்த மூணுக்குத் தள்ளி வெச்சாங்க சொன்ஜு. வெயில் காலத்துல பகல் வெளிச்சம் வீணாகக் கூடாதுன்னு. ரெண்டு நாப்பதுன்னு ஒரு நேரமே கிடையாது. ஆஸ்பத்திரில முள்ளத் திருப்ப மறந்திருப்பாங்க."

"அப்ப 3:40ன்னே விட்டுடவா சார்?"

"விட்டுடு. அந்தக் குழந்தையோட அம்மா ஒரு மணிக்கு நகல் வாங்க வர்றாங்க."

சேமித்தேன். திரையில் பார்த்தேன்.

2:40.

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். 2:41. நான் எதையும் தொடவில்லை.

"சார்... இது ஓடுது."

"தூக்கம் உனக்கு. முகத்தக் கழுவிட்டு வாம்மா."

ஹெட்போனில் பாட்டு நின்றது. மூச்சுச் சத்தம். மிகச் சின்ன மூச்சு... கர்... கர்...

2:48. புரோகிராமை நிறுத்தினேன். எண் நிற்கவில்லை.

2:52. ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன். மூச்சு மட்டும் காதிலேயே இருந்தது.

2:54. இழுத்தது... விட்டது... இழுத்தது...

2:55.

விடவில்லை.

திரையில் 3:40.

ஒரு மணிக்கு அந்த அம்மா வந்தார். யோம் ஓக்-புன். அறுபது வயதைத் தாண்டியவர். நகலை நீட்டினேன்.

"பையன் வரலையாம்மா?"

"அவன் எங்க கண்ணு வர்றது? பொறந்து கால் மணி நேரந்தான் இருந்தான். மூச்சு முட்டி முட்டி... ரெண்டு அம்பத்தஞ்சுக்கு நின்னுடுச்சு. சுவர்க் கடிகாரத்தையே பாத்துக்கிட்டிருந்தேன்."

"அட்டைல அது இல்லையேம்மா."

"எப்படி இருக்கும்? ஆஸ்பத்திரில பொறந்த நேரத்தோட விட்டுட்டாங்க. அரசாங்க ஆபீஸ்ல பதிவு பண்ணப் போனா அப்படி ஒரு நேரமே இல்லன்னுட்டாங்க. அங்க அவன் பொறந்ததையும் எழுதல. செத்ததையும் எழுதல."

அன்று மாலையே தேடினேன். அட்டை, கோப்பு, கணினி எல்லாம். 2:55 எங்கேயும் இல்லை. முப்பத்தெட்டு வருஷமாக அது அந்த அம்மா ஒருவருக்கு மட்டுமே தெரியும்.