அம்மா தேடிய இடங்கள்

எனக்குப் பன்னிரண்டு வயது முடிந்திருந்தபோது தம்பி பிறந்தான். அம்மாவுக்கு அப்போது நாற்பத்து நான்கு. என் வகுப்புத் தோழிகளின் வீடுகளில் அக்காமார்களுக்குத்தான் குழந்தை பிறந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அம்மாவுக்குப் பிறந்தது எனக்குப் பெரிய மானக்கேடாகத் தோன்றியதால், பள்ளியில் ஒரு மாதம்வரை யாரிடமும் மூச்சுவிடவில்லை.

திருவொற்றியூரில் கடற்கரைச் சாலைக்கு ஒரு தெரு தள்ளி, ஒரு மாடி வீட்டின் கீழ்ப் பகுதியில் குடியிருந்தோம். நைனாவுக்கு எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஒரு வாரம் பகலில் தூங்குவார், ஒரு வாரம் இரவில் தூங்குவார். அம்மா எப்போது தூங்கினாள் என்று எங்களில் யாரும் யோசித்ததில்லை.

தம்பி தவழ ஆரம்பித்த சமயத்தில் அம்மா மாறினாள். முதலில் வெக்கை. மார்கழிக் காலையில் நான் போர்வைக்குள் சுருண்டு கிடப்பேன். அவள் ஃபிரிட்ஜைத் திறந்து தலையை உள்ளே விட்டபடி அசையாமல் நிற்பாள். கழுத்திலிருந்து வேர்வை வழிந்து ரவிக்கை முழுக்க நனைந்திருக்கும். வீட்டில் எல்லா ஜன்னலும் திறந்திருக்கும், எல்லா ஃபேனும் சுற்றிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் அதே அம்மா பல் கிட்டிக்க நடுங்குவாள்.

அதன் பிறகு பீரோக் கண்ணாடி. ஒருநாள் அதன் மேல் பழைய புடவை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. தலை வாருவதற்காக அதை விலக்கினேன். அம்மா ஓடிவந்து இழுத்து மூடினாள்.

"வோணாம். அதுல நிக்கிறவ நான் இல்ல."

கத்தவில்லை. குழம்பில் உப்பு போதவில்லை என்பதுபோலச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

இன்னொரு நாள் தம்பியை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "இவன் பேரு இன்னா?" என்று என்னைக் கேட்டாள். விளையாடுகிறாள் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. உதடுகள் எதையோ தேடி அசைந்தன. நான் பேரைச் சொன்னேன். "ஆமா, ஆமா" என்று அதை மூன்று நான்கு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

நைனாவின் அக்கா, அதாவது என் அத்தை, காலடிப்பேட்டையில் இருந்தாள். அம்மா உச்சி வெயிலில் கடலோரத்துக் கருங்கல் குவியல் மேல் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு நின்றதை யாரோ பார்த்து அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அத்தை வந்தாள், அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள், என்னைத் தனியே தெருமுனைக்கு அழைத்துப் போனாள்.

"அது உங்கம்மா இல்லடி. வேற எவளோ வந்து குந்திகினு கீறா. கொயந்தைய அவகிட்ட தனியா வுடாத, இன்னா?"

அமாவாசையன்று எண்ணூர்ப் பக்கம் ஒருவரிடம் கூட்டிப் போவதென்று முடிவாயிற்று. அவர் வேப்பிலையால் அடித்தால் வந்தவள் போய்விடுவாளாம். நைனா "பாக்கலாம்" என்றார். அவர் எதற்குமே அதைத்தான் சொல்வார்.

அன்று முதல் நான் அம்மாவைக் கண்காணித்தேன். அவள் நடக்கும்போது கால் தரையில் படுகிறதா என்று கட்டிலுக்குக் கீழே படுத்துப் பார்த்தேன். பட்டது. அதில் எனக்கு ஆறுதல் உண்டாகவில்லை. வந்திருப்பவள் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். அவளை அம்மா என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டேன். உறவு சொல்லிக் கூப்பிட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று அத்தை சொல்லியிருந்தாள்.

அமாவாசைக்கு மூன்று நாள் இருந்தது. சனிக்கிழமை, பள்ளி அரை நாள்தான். பன்னிரண்டரை மணிக்கு வந்தபோது வாசல் கதவு சாத்தி, வெளியே கொண்டி மாட்டியிருந்தது. உள்ளே தம்பி தொட்டிலில் வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். கீழே விழாதபடி தொட்டில் துணியில் இரண்டு ஊக்கு குத்தியிருந்தது. அம்மா இல்லை. நைனா வேலையில் இருந்தார். எல்லா ஃபேனும் சுற்றிக்கொண்டிருந்தன.

அத்தை சொன்னது நினைவுக்கு வந்தது. தம்பியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். படிக்கட்டு முடியும் இடத்தில் ஒரு சிறிய அறை உண்டு, உடைந்த நாற்காலிகள் போட்டு வைத்திருப்பார்கள். அதற்குள் புகுந்து கதவைச் சாத்தினேன். என் சடையைக் கையில் கொடுத்ததும் தம்பி அழுகையை விட்டான். ஜன்னல் கம்பி வழியே பார்த்தால் ஒருபுறம் எங்கள் வாசல், மறுபுறம் கூரைகளுக்கு மேலே கடல்.

அம்மா தெருவில் வந்தாள். மெதுவாக, தண்ணீருக்குள் நடப்பவள்போல வந்து வீட்டுக்குள் போனாள். அலறுவாள் என்று காதைப் பொத்தத் தயாராக இருந்தேன். சத்தமே இல்லை. பிறகு பீரோ கதவு திறக்கும் கிரீச்சொலி கேட்டது. கட்டிலை நகர்த்தும் ஓசை. அதன் பின் ஃபிரிட்ஜ் கதவு. ஃபிரிட்ஜில் எதற்குத் தேடுகிறாள்?

வெளியே வந்தாள். வாசலோரம் நாங்கள் லாரித் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம் இருந்தது. அதன் மூடியைத் திறந்தாள். தோள்வரை கையை உள்ளே விட்டு அடிவரை துழாவினாள். கையை எடுத்து, விரல்களை முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தாள். நான் தம்பியை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

அப்புறம் அவள் கடலைப் பார்த்தாள். நடந்தாள். கன்டெய்னர் லாரிகள் போகும் சாலையை எப்படிக் கடந்தாளோ தெரியாது. அடுத்து நான் பார்த்தபோது கருங்கற்களின் மேல் இருந்தாள். ஒவ்வொரு கல்லாகக் குனிந்து, இடுக்குகளுக்குள் கையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். அலை அவள் முதுகின் மேல் விழுந்தது. நிமிரவே இல்லை.

அந்தக் கணத்தில் எனக்கு ஒன்று விளங்கியது. வேறு எவளோ என்றால் என் தம்பியை இப்படித் தேட மாட்டாள்.

தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி ஓடினேன். எங்கள் தெருவிலேயே குடியிருந்த, தடுப்பூசி போடும் நர்சம்மா வேலை முடிந்து வந்துகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் பையை ஒரு வாசலில் வீசிவிட்டு என்னோடு ஓடி வந்தார். சாலையைக் கடந்ததும் நான் கத்தினேன். "அம்மா! அம்மா!" எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தச் சொல்.

அம்மா நிமிர்ந்தாள். இரண்டு உள்ளங்கையும் கிழிந்து ரத்தம். நர்சம்மா கற்களின் மேல் ஏறி அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், நான் அவன எங்கயோ வெச்சுட்டேன். எங்கன்னு நெனப்பு வர்ல."

"எங்கயும் வெக்கலக்கா. தோ பாரு, உம் பொண்ணு தூக்கினு நிக்கிது."

அம்மா பார்த்தாள். தம்பி அவளைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டித் தாவினான். அவள் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அவகிட்டயே இருக்கட்டும்," என்றாள்.

அடிப்பாள் என்று நினைத்திருந்தேன். ஏன் ஒளித்தாய் என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நர்சம்மா எங்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. கைக்குக் கட்டுப் போட்டு, அப்படியே ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ஒரு பெண் டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவிடம் நெடுநேரம் பேசினார். பிறகு மனநல டாக்டர் ஒருவர் பேசினார். அம்மா உள்ளே அழும் சத்தம் கேட்டது. வீட்டில் அவள் அழுது நான் கேட்டதே இல்லை.

சாயங்காலம் நைனாவையும் அத்தையையும் உட்கார வைத்து நர்சம்மா சொன்னார். "புள்ள பெத்த ஒடம்பு இன்னும் தேறல. அதுக்குள்ள மாசா மாசம் வர்றது நிக்கிற வயசும் வந்துருச்சு. ரெண்டும் சேந்துகினு அவங்கள தூங்க வுடாம அடிக்குது. மனசும் ஒடஞ்சு கீது. மருந்து குட்த்துருக்காங்க, வாரா வாரம் போய்ப் பேசணும். ஆனா தூக்கம் வோணும். கூட ஒரு ஆளு வோணும்."

நைனா "பாக்கலாம்" என்று சொல்லவில்லை. "நான் இன்னா செய்யணும் சிஸ்டர்?" என்று கேட்டார். மறுவாரமே கெஞ்சிக் கூத்தாடிப் பகல் ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். இரவில் குழந்தைக்குப் பால் கலக்கக் கற்றுக்கொண்டார், மிக மோசமாக.

அத்தைதான் அன்று முழுக்கப் பேசாமல் இருந்தாள். சண்டைக்கு வருவாள் என்று நர்சம்மாவே எதிர்பார்த்திருப்பார். கிளம்பும்போது வாசலில் செருப்பைப் போட்டபடி, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"எனக்கும் இந்த வயசுல இப்டித்தான் இருந்துச்சு. கூட்டினு போய் வேப்பிலையால அடிச்சாங்க. அப்பால நான் வாயே தொறக்கல. சரியாப் பூட்ச்சுன்னு சொல்லிகினாங்க."

மறுநாள் பகலில் ஷேர் ஆட்டோவில் வந்திறங்கினாள். தம்பியை வாங்கிக்கொண்டு, "நீ போய்ப் படு" என்று அம்மாவை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். ஒன்றரை வருடம் அப்படி வந்தாள். அமாவாசை வந்தது, போனது. யாரும் அம்மாவை எண்ணூருக்குக் கூட்டிப் போகவில்லை.

அம்மா ஒரே நாளில் திரும்பி வந்துவிடவில்லை. நல்ல வாரமும் கெட்ட வாரமுமாக, கொஞ்சம் கொஞ்சமாக வந்தாள்.

போன வருடம்தான் அவளிடம் கேட்டேன், அந்த வெயிலில் கல்லின் மேல் போய் ஏன் நின்றாய் என்று. கீரை ஆய்ந்துகொண்டே பதில் சொன்னாள்.

"அவன் அயுதுகினே இருப்பான். என் கையி அவன இன்னா பண்ணிடுமோன்னு பயம். அதான் தொட்டில்ல போட்டு, ஊக்கு குத்தி, வெளிய கொண்டி மாட்டிட்டுப் போய் நிப்பேன். நான் தூரமா இருந்தா அவனுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு."

அவளிடமிருந்து தம்பியைக் காப்பாற்ற நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்று அத்தனை நாளும் நினைத்திருந்தேன். எனக்கு முன்பிருந்தே அம்மா அதே வேலையைத் தனியாகச் செய்துகொண்டிருந்தது, கட்டிலுக்கடியில் படுத்து அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை.