தம்பி வளர்த்த கோபம்

என் இடது கெண்டைக்காலில் மஞ்சளையும் தேங்காயெண்ணெயையும் குழைத்துத் தடவிவிட்டவன் என் தம்பிதான். வேப்பம்பட்டு வீட்டின் பின்வாசல் படியில் நான் உட்கார்ந்திருக்க, அவன் கீழே குத்துக்காலிட்டு அமர்ந்து, காயத்தின் ஓரங்களை விரல்நுனியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். எங்கள் சேவல் கால்முள்ளால் அடித்த இடம் அது. "நீ ஓடுறதாலதான்க்கா அது தொரத்துது. நின்னுகினு மொறச்சிப் பாரு, தானா அடங்கிடும்" என்றான். அந்தக் குரலில் இருந்த பரிவை அப்படியே நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. அம்மா போன பிறகு அவனுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் நான்.

காக்களூரில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்குப் பேக்கிங் வேலை; யூனிபார்ம் நீலக் கோட்டை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு கிளம்புவேன். என் கணவர் கும்மிடிப்பூண்டியில் அறை எடுத்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். காண்ட்ராக்ட் வேலை போய், போக்கிடம் இல்லாமல் நின்ற தம்பியை நாங்கள்தான் அழைத்து வைத்துக்கொண்டோம். பகல் முழுக்க வீட்டில் அவனும் கோழிகளும்தான். நான் கிளம்பும்போதெல்லாம், "நீ போக்கா, நான் பாத்துக்கிறேன்" என்பான்.

அந்தச் சேவல் எங்கள் வீட்டிலேயே பொரித்தது. குஞ்சாக இருந்தபோது என் உள்ளங்கையில் ஏறி நின்று நொய் தின்னும். கொண்டை சிவந்து வால் வளைந்த பிறகுதான் குணம் மாறியது. இறக்கையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு, வேறெங்கோ போவதுபோல் பக்கவாட்டில் நெருங்கும். அடுத்த கணம் இரண்டு கால்களும் என் முழங்காலுக்குக் கீழே இறங்கும். காலையில் வேலைக்குக் கிளம்பும்போதும் சாயங்காலம் திரும்பும்போதும் அதற்கு நான்தான் எதிரி. பால்காரரை ஒன்றும் செய்யாது. ஞாயிற்றுக்கிழமை நைட்டியோடு போனால் என்னைக்கூடக் கண்டுகொள்ளாமல் மேயும். அது ஏன் என்று எனக்கு உறைக்கவே இல்லை. நான்தான் ஏதோ சரியாக நடந்துகொள்ளவில்லை என்று நினைத்தேன்.

கசாப்புக்குக் கொடுத்துவிடு என்று கணவர் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாகச் செய்தேன். ஓடுவதை நிறுத்தினேன். அதற்கு முதுகைக் காட்டாமல், முறத்தைக் காலுக்கு முன்னால் பிடித்தபடி ஓரடி முன்னே வைத்தேன். பாய்ந்தால் அடிக்காமல், பிடித்து அக்குளில் இடுக்கி, தலையை மெல்லத் தாழ்த்தி, அதன் மூச்சு அடங்கும்வரை கொல்லையைச் சுற்றி நடந்தேன். கால்முள்ளின் கூர்முனையை அரத்தால் தேய்த்து மழுக்கினேன். பெட்டைகளுக்குத் தீனி வைக்கும்போது அதைக் கூடையால் கவிழ்த்து மூடினேன். காலையில் என் கைக்குள் பஞ்சுபோல அடங்கும். சாயங்காலம் பார்த்தால் பழைய வெறி. சில நாளில் முள்ளும் மறுபடி கூராகவே இருக்கும். சேவலுக்கு அவ்வளவு சீக்கிரமா முள் வளரும் என்று தம்பியிடமே வியந்து கேட்டிருக்கிறேன். "சாதி அப்டிக்கா" என்றான்.

ஒருநாள் கம்பெனியில் கரண்ட் இல்லை என்று மதியமே அனுப்பிவிட்டார்கள். ரயிலைவிட்டு இறங்கி வீட்டுக்கு வந்தபோது கொல்லைப்புறம் ஒரே ஆரவாரம். மதில்மேல் அறிமுகமில்லாத ஆட்கள் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் என் தம்பி. என்னுடைய பழைய யூனிபார்ம் நீலக் கோட்டைக் கையில் சுற்றிக்கொண்டு சேவலின் முகத்தில் அறைந்து அறைந்து சீண்டினான். அது எகிறி எகிறி அந்த நீலத்தை அடித்தது. ஒவ்வோர் அடிக்கும் மதில்மேல் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவன் சிரித்தான். வேலை போனதிலிருந்து அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

என்னைக் கண்டதும் அவர்கள் நழுவிவிட்டார்கள்.

"எத்தினி நாளாடா?" என்றேன்.

"பொங்கலுக்கு ஸ்டேட் பார்டராண்ட சேவ சண்ட உடுறாங்கக்கா. நம்ம சேவல் நல்லா நிக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. என்னயும் நாலு பேரு மதிக்கிறாங்கக்கா."

"அதுக்கு என் கோட்டு இன்னாத்துக்கு?"

"தடியா இருக்குதுக்கா. முள்ளு கைல ஏறாது."

"என் கால்ல ஏறிச்சேடா."

அவன் கையில் சுற்றியிருந்த கோட்டை அவிழ்த்தான். கொத்துப்பட்டதோ முள் கிழித்ததோ எனக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை. அது எதனால் என்று தெரிந்துகொண்டே என் காலைப் பிடித்து மஞ்சள் தடவினானே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நான் காலையில் ஆற்றியதை அவன் மதியம் கிளறிவிட்டிருக்கிறான். நான் மழுக்கியதை அவன் சீவிவிட்டிருக்கிறான். ஓடாதே என்று எனக்குப் புத்தியும் சொல்லியிருக்கிறான்.

இனிமேல் செய்ய மாட்டேன் என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான். அதையும் நம்பினேன். கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்த பிறகே கோட்டை மாட்டிக்கொண்டேன். சேவல் மெதுவாகத் தணிந்தது. மாட்டுப் பொங்கலன்று காலையில் எழுந்து பார்த்தால் அவனும் இல்லை, சேவலும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் வந்தான். "கெலிச்சிட்டோம்க்கா!" என்று வாசலிலிருந்தே கத்தினான். ஒரு கையில் தோற்ற சேவலின் கறி, கேரி பேகில். இன்னொரு கையிடுக்கில் எங்கள் சேவல். அதன் ஒரு கண் இருந்த இடத்தில் ரத்தம் உறைந்திருந்தது. நான் சந்தோஷப்படுவேன் என்று அவன் மெய்யாகவே எதிர்பார்த்தான். சேவலை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

"காலைல கெளம்பிடு" என்றேன்.

"ஒரு கோழிக்காகவாக்கா?"

நான் சேவலைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். அவன் கறிப்பையைப் படியிலேயே வைத்துவிட்டு அப்போதே கிளம்பிப் போனான்.

இப்போது ஒரகடம் பக்கம் வேலையில் இருக்கிறான். தவறாமல் போன் செய்கிறான், நானும் எடுத்துப் பேசுகிறேன். சேவல் இன்னும் இருக்கிறது. யாரையும் துரத்துவதில்லை. கண்ணில்லாத பக்கமாக நான் போனால் திடுக்கிட்டு ஒதுங்கும். அதனால் குரல் கொடுத்துக்கொண்டே நெருங்குகிறேன். "சேவல் எப்டிக்கா கீது?" என்று ஒவ்வொரு முறையும் தம்பி கேட்பான். நல்லா கீது என்பேன். மழைக்காலத்தில் என் கெண்டைக்காலில் அந்த இடம் இன்னும் இழுத்துப் பிடிக்கும். அதைப் பற்றி அவன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.