சாம்பிராணி மணத்த குட்டி

செம்மறி வளர்ப்பவர்களுக்கு நிம்மதி என்று ஒன்று கிடையாது. வெள்ளாட்டுக்கு முள் குத்தினால் போதும், ஊரைக் கூட்டிவிடும். செம்மறி சாகக் கிடந்தாலும் சத்தம் போடாது. மற்றவை மேயும்போது தானும் தலையைக் குனிந்து மேய்கிற மாதிரி நிற்கும். அதனால் எது எதை விட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்க்கப் பழகிக்கொண்டேன். ஒன்று ஒதுங்கி நின்றாலே ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

தொண்ணூறுகளின் நடுவில், அன்னூர்ப் பக்கம், கிளுவை வேலி போட்ட கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், நாலு பெட்டை ஆடுகள் வைத்திருந்தோம். விற்பதற்கும் இல்லை, அறுப்பதற்கும் இல்லை. பிறகு எதற்கு என்று கேட்டுக் கேட்டு அக்கம்பக்கத்தாருக்கு அலுத்துவிட்டது. என் கணவர் நூல் மில்லில் ஷிப்டு முடிந்து வந்தால், சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே ஆடுகளிடம் பேசப் போய்விடுவார்.

அன்று காலையில் முதல் குட்டி ஈனவிருந்த தலையீத்துச் சினையாடு வேலியோரம் தனியாக நின்றது. அன்றைக்குப் பார்த்து உறவில் ஒரு கல்யாணம். போகாவிட்டால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள். போனேன். பந்தியில் உட்கார்ந்தும் நினைப்பெல்லாம் ஆட்டின் மேலேயே இருந்தது. பாதியில் எழுந்து பஸ் ஏறினேன்.

வாசலுக்கு வந்ததும் சாம்பிராணி வாசம். வெள்ளிக்கிழமை கூட இல்லையே என்று நினைக்கும்போதே அவர் எதிரே வந்தார். வேட்டியெல்லாம் ஈரம், முகமெல்லாம் சிரிப்பு. கையில் துண்டு சுற்றிய குட்டி. அதன் கன்னத்தில் மைப்பொட்டு.

“ஏனுங்க, என்னத்தைப் பண்ணிப்போட்டீங்க?”

“இப்பத்தான் ஈனுச்சு அம்மிணி. ஒடம்பெல்லாம் கொழகொழன்னு, வெடவெடன்னு நடுங்கிட்டுக் கெடந்துச்சு. பச்சப்புள்ளை, சளி புடிச்சுக்குமல்லோ? அதுதான் சுடுதண்ணி வாத்து, சாம்பிராணி காட்டிப்போட்டேன்.”

“தாய் நக்குச்சா?”

“நக்கிட்டுத்தான் இருந்துச்சு. நான் தூக்கிக்கிட்டேன்.”

நக்கி முடிக்கும் முன் பிரித்தால் தாய் குட்டியைச் சேர்க்காது என்று கேள்விப்பட்டிருந்தேன். குட்டியைப் பிடுங்கிக்கொண்டு பட்டிக்கு ஓடினேன். தாயின் முன்னால் விட்டேன். அது மோந்து பார்த்தது. அடுத்த நொடி ஒரே முட்டு. குட்டி கால் பரப்பி விழுந்தது. எழுந்து தடுமாறி மடியைத் தேடிப் போனது. மறுபடியும் முட்டு.

சீம்பால் குடிக்காத குட்டி விடிவதற்குள் துவண்டுவிடும். கறந்து ஊட்டலாம் என்று பார்த்தால் மடியில் கை வைக்க விடாமல் உதைத்தது. குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். சில்லென்று ஆகத் தொடங்கியிருந்தது. 

“பெத்தவளே முட்டுறாளே, என்ன சென்மமோ” என்றார் அவர், பட்டியின் படல் கதவுக்கு வெளியே நின்று.

நானும் அப்படித்தான் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் அது எங்களைப் பார்க்கவே இல்லை. பட்டியின் மூலையில், ஈன்ற இடத்தில் நனைந்து கிடந்த வைக்கோலை முன்னங்காலால் கிளறியது. மோந்தது. தொண்டைக்குள்ளேயே மெல்ல ஒரு சத்தம் கொடுத்தது. குட்டியைக் கூப்பிடும்போது மட்டும் தாய் ஆடுகள் கொடுக்கிற சத்தம் அது. மறுபடியும் கிளறியது, கூப்பிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது தன் குட்டியை வேண்டாம் என்று சொல்லவில்லை. தேடிக்கொண்டிருந்தது. சாம்பிராணி வாசத்தோடு வந்து நின்ற இது அதற்கு எவர் வீட்டுக் குட்டியோ.

அந்த வைக்கோலை அள்ளினேன். ரத்தமும் வழவழப்புமாக இருந்ததைக் குட்டியின் தலை, முதுகு, வால் என்று எல்லா இடத்திலும் பூசினேன். கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுப்புடவை என்பது நினைவிலேயே இல்லை. ஈன்ற இடத்திலேயே குட்டியைக் கிடத்திவிட்டு விலகினேன்.

தாய் வந்தது. மோந்தது. தலையைத் தூக்கியது. முட்டப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது குட்டியின் முதுகை நக்கிக்கொண்டிருந்தது. நக்கி நக்கி எழுப்பியது. குட்டி மடியில் வாய் வைத்தது. வாய் வைத்ததும் வால் படபடவென்று ஆடியது. பால் இறங்கினால்தான் வால் அப்படி ஆடும். நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

இனி இவரை ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்று திரும்பினேன். அவர் படலைப் பிடித்தபடி அந்த ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் தூக்கிட்டுப் போறப்ப பொறகாலயே வந்துச்சு அம்மிணி” என்றார். “ஊட்டு வாசல் வரைக்கும் கத்திட்டே வந்துச்சு. நாந்தான், என்னத்துக்கு இது குறுக்கயேன்னு, கதவைச் சாத்திப்போட்டேன்.”

“உள்ள வாங்க” என்று நகர்ந்து, பக்கத்தில் மண்ணில் அவருக்கும் இடம் விட்டேன்.