டெய்லர் நாநா கண்ட பறவை

மாத்தளை பஜாரில், எல்லாரும் நாநா என்று கூப்பிடும் டெய்லர் பதுர்தீனிடம் காற்சட்டைக்கு அளவு கொடுக்கப் போகிறவர்கள், இரண்டு பறவைகளைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் திரும்ப முடியும். ஊரில் பறவை பார்ப்போர் சங்கம் தொடங்கிய அன்றே சேர்ந்த மனிதர் அவர். ஆனால் வருடம் ஒன்றாகியும் சங்கத்தின் பதிவேட்டில் அவர் பெயரில் ஒரு காகம் கூட இல்லை.

ஞாயிறு லீவு போய், பிறைக் கணக்கில் வாரத்துக்கு ஒரு போயா லீவு வந்திருந்த காலம். போயா தோறும் பதினொரு பேர் நடப்பார்கள். பைனாகுலர் ஒன்றுதான். அது கைமாறிக் கைமாறிக் கடைசியாகப் பதுர்தீனிடம் வரும்போது கிளை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

"என்ன நாநா, பாத்தீங்களா?"

"கிளைய பாத்தேன்."

எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். வீட்டுக்கு வந்துதான் மனைவி ஆஸியாவிடம் எரிந்து விழுவார்.

பெப்ரவரி கடைசியில் அந்த ஆஸியாதான் கண்டுபிடித்தாள். அலுவிகாரையில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் கொக்கோத் தோட்டம். விறகு பொறுக்கப் போனவள் காய்ந்த கட்டையென்று கையை நீட்ட, கட்டை ஒரு கண்ணைத் திறந்தது. பதுர்தீன் ஓடிப்போய்ப் பார்த்தார். சாம்பல் நிறம், அகன்ற வாய், மூக்கடியில் மீசை மயிர். சங்கத்துப் புத்தகத்தில் படம் இருந்தது: தவளைவாயன். அதுவரை சங்கத்தில் யாருமே கண்டிராத பறவை.

"இன்னொரு மெம்பரும் பாக்கணும் நாநா. அதுதானே விதி" என்றார் செயலாளர் சந்திரகாந்தா மிஸ். "மார்ச் முடியுறதுக்குள்ள பாத்தாத்தான் இந்த வருச லிஸ்ட்ல வரும்."

"என் பொஞ்சாதி பாத்தாளே மிஸ்?"

"அவங்க மெம்பர் இல்லையே."

அதன்பின் பதுர்தீன் கெஞ்சாத ஆளில்லை. மிஸ்ஸுக்குப் பரீட்சைத் தாள்கள். ஒருவருக்குத் தடிமன் காய்ச்சல், இன்னொருவருக்குக் கல்யாண வீடு. அலுவிகாரை என்ன கடல் கடந்தா இருக்கிறது? பஸ்ஸில் ஏறினால் பத்து நிமிடம்! மார்ச் மாதத்துக் கடைசிப் போயா அன்றுதான் ரயில்வே கிளார்க் புஹாரி பைனாகுலரோடு வந்து சேர்ந்தான்.

"எங்க நாநா?"

"கவட்டைக்கு ரெண்டு முழம் இந்தப் பக்கம்."

"பட்ட கட்டதானே இருக்கு?"

"கட்டைக்கு மீச இருக்குமா தம்பி?"

"பாசிய மீசைங்கிறீங்க. ஒரு கல்லப் போடுங்க. பறந்தா பறவ, பறக்காட்டி கட்ட."

புஹாரி குனிந்து கல்லை எடுத்தும் விட்டான். பதுர்தீன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் தம்பி! அதுக்கு அடியில முட்ட இருக்கு."

புஹாரி கால் மணி நேரம் உற்றுப் பார்த்தான். பறவை இமைக்கவில்லை. "காணாதத கண்டேன்னு எப்படி நாநா கையெழுத்து வைக்கிறது?" என்றான் வருத்தத்தோடு. கல் இன்னும் புஹாரியின் கையில் இருந்தது.

ஆஸியா தேநீர்க் கோப்பையை நீட்டினாள். "இந்த பிளேன்டியாவது கண்ணுக்குத் தெரியுதா தம்பி?"

ஏப்ரல் கூட்டத்தில் லிஸ்ட் வாசித்தார்கள். நாற்பத்தாறு பறவைகள், பதுர்தீன் பெயரில் ஒன்றுமில்லை. கடைசியில், பைனாகுலர் உறை கிழிந்துவிட்டதால் புது உறை தைக்க டெய்லர் நாநா சம்மதித்தார் என்று நன்றியோடு எழுதினார்கள். பதிவேட்டில் அவர் பெயர் ஏறியது அப்படித்தான். அவர் சம்மதித்தாரா என்று யாரும் கேட்கவில்லை.

பைனாகுலர் வீட்டுக்கு வந்தது. இப்போது வரிசை இல்லை. சாம்பல் நெஞ்சுக்கடியில் பஞ்சுருண்டை போல ஒரு குஞ்சு தலை நீட்டுவதை அவரும் ஆஸியாவும் மாறி மாறிப் பார்த்தார்கள். உறை மட்டும் முடியவில்லை. யார் கேட்டாலும், "வருசப் பொறப்புத் தையல் தலைக்கு மேல கிடக்கு. அவசரம்னா வீட்டுக்கு வந்து எடுத்துக்குங்க" என்றார்.

புத்தாண்டு முடிந்த மறு போயாவுக்கு, பைனாகுலர் இல்லாமல் நடக்க முடியாத சங்கம் மொத்தமும் அலுவிகாரைக்கு வந்து இறங்கியது. பதுர்தீன் எல்லாரையும் கொக்கோ மரத்தடிக்குக் கூட்டிப்போனார். பைனாகுலரை முதலில் புஹாரியிடம் கொடுத்தார். அது பத்துப் பேரிடமும் சுற்றி வந்தது.

குஞ்சு பறந்து, தாயும் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த இரண்டு நாளும் கடையிலேயே கிடந்த அவருக்கு அது தெரியாது.

"என்ன பாத்தீங்க?" என்றார் பதுர்தீன்.

கடைசியில் மிஸ்தான் மெல்லச் சொன்னார்: "கிளைய பாத்தோம் நாநா."

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.